வைசலோனை நிறுத்தாதே, கண்ணு

பாலக்கோடு

கண்ணு,

போனில் என்னை முழுசாகப் பேச விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். முகம் உப்பிப் போச்சு, சித்தி பெண் கல்யாணத்துக்குள் வைசலோன் ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்திவிடுவேன் என்றாய். அதை மட்டும் செய்யாதே.

மருந்தாளுநர் வேலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன் சொல்கிறேன், கேள். லூபஸ் என்பது எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைத் தாக்கும் நோய். அது உன் சிறுநீரகத்தைத் தாக்கியபோது அந்த வீக்கத்தைச் சட்டென்று அமர்த்த ஸ்டீராய்டுதான் வேண்டியிருந்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்க உனக்குக் கூடவே கொடுக்கும் மைக்கோபீனோலேட் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும், வாரங்கள் ஆகும். அது கூட இருப்பதால்தான் மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி முடிந்ததும் டாக்டர் வைசலோனை 30 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது 15-க்குக் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் காலத்தில் உடல் எடை கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு அள்ளிக் கொடுப்பார்கள். 2024-இல் வந்த கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ வழிகாட்டியில் கிலோவுக்கு 0.5 அளவில் தொடங்கும் முறையும் இருக்கிறது. ஆறு மாதத்தில் 5-க்கும் கீழே இறக்குவதுதான் நோக்கம். அளவு குறையக் குறைய முகமும் வடியும்.

நாமாக நிறுத்தினால் என்ன ஆகும்? வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிட்டிருக்கும். பல மாதம் ஓட்டாமல் போட்ட கிணற்று மோட்டார் ஸ்விட்ச் போட்டவுடன் தண்ணீர் இறைக்குமா? வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். நோயும் திரும்பக் கிளம்பலாம்.

காலையில் சாப்பிட்ட பிறகு போடு. ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். காய்ச்சல் வந்தால் வீட்டில் பொறுத்துப் பார்க்காதே, அன்றைக்கே டாக்டரைப் பார். இரண்டு மருந்தும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறவை. உடம்பு வலிக்கிறது என்று புரூபென் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதே, சிறுநீரகத்துக்கு ஆகாது.

இன்னொன்று, இதை அம்மா சொல்ல வேண்டியது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை பற்றி யோசித்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். மைக்கோபீனோலேட் கருவுக்கு ஆகாது, அதற்குப் பதில் அசாதயோபிரின் என்ற மருந்துக்கு மாற்றித் தருவார்கள்.

அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு ஜாடியோடு பெங்களூருக்கு அனுப்பப் பார்த்தாள். உப்பு என்று தடுத்துவிட்டேன், என்மேல் கோபமாக இருக்கிறாள். நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

யூரின் புரோட்டீன் ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா