‘இடது தீவிரவாதி’ என்று எழுதும் முன்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் வெளிநாட்டுச் செய்திகளைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் உட்பூசல்களைத் தமிழில் தரும்போது ஆட்களுக்கு ஒட்டப்படும் அடைமொழிகளைப் பற்றியது இந்த மடல். நேர நெருக்கடியில் வேலை செய்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லில்தான் செய்தியே திரிந்துபோகிறது.

‘ராடிக்கல் லெஃப்ட்’ என்பது குடியரசுக் கட்சியினர் எதிரணி மீது வீசும் சொல். அதை ‘இடது தீவிரவாதிகள்’ என்று மாற்றினால் என்ன ஆகும்? 1907 சூரத் காங்கிரசில் திலகர் பக்கம் நின்ற வ.உ.சி.யையும் பாரதியையும் தீவிரவாதிகள் என்றே வரலாற்று நூல்கள் குறித்தன. இன்று அதே சொல்லைப் படிப்பவருக்குத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். வாக்குப் பெற்று அவைக்கு வந்தவரை அப்படிக் குறிப்பது அநியாயம். ‘தீவிர இடதுசாரி’ என்று மேற்கோள் குறிக்குள் போடுங்கள்; சொன்னவர் யார் என்பதையும் அதே வாக்கியத்தில் சேருங்கள்.

‘லிபரல்’ இன்னும் சிக்கலானது. 1991 பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு நம் வாசகருக்குத் தாராளமயம் என்றால் சந்தையைத் திறந்துவிடுவது. அமெரிக்காவிலோ, 1930களில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலம் தொட்டு, அரசின் நலத்திட்டங்களை ஆதரிப்பவரே லிபரல். ‘தாராளவாதி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். லிபரல் என்றே விட்டு, முதல் முறை வரும்போது அரைவரி விளக்கம் கொடுத்தால் போதும்.

‘ஜனநாயக சோசலிஸ்ட்’ என்பதில் உள்ள ‘ஜனநாயக’ கட்சிப் பெயர் அல்ல. அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பு 1982இல் உருவானது. அது கட்சியின் கிளையல்ல, தனி அமைப்பு. தன்னை ஜனநாயக சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் பெர்னி சாண்டர்ஸ் செனட்டுக்குச் சுயேச்சையாகத் தேர்வானவர்; அவையில் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து இயங்குகிறார். ‘ஜனநாயகக் கட்சி செனட்டர் சாண்டர்ஸ்’ என்பது பிழை.

பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சிக்குள் கொள்கை அடிப்படையில் பெயர் பெற்ற குழுக்கள் மூன்று. முற்போக்குக் குழு 1991இல் தொடங்கியது. செலவுக் கட்டுப்பாட்டை வலியுறுத்தும் ‘புளூ டாக்’ குழு 1995இலும், வணிகத் துறைக்கு இணக்கமான ‘நியூ டெமாக்ரட்’ கூட்டணி 1997இலும் வந்தன. ஒருவரே இரண்டு குழுக்களில் இருப்பதுண்டு. அதனால் உறுப்பினர் பட்டியலை மட்டும் நம்பி முத்திரை குத்த முடியாது. வாக்குப் பதிவையும் பாருங்கள். 2021 நவம்பரில் உள்கட்டமைப்பு மசோதா 228–206 என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் 6 பேர்தான். முற்போக்குக் குழுவின் மிகப் பெரும்பாலோர் ஆதரித்தார்கள். அன்று ‘முற்போக்கு அணி எதிர்ப்பு’ என்று தலைப்புப் போட்டிருந்தால் அது பொய். குடியரசுக் கட்சியில் 13 பேர் ஆதரித்ததும் அப்படியே மறைந்திருக்கும்.

‘மிதவாதி’ என்று மட்டும் எழுதினாலும் எதுவும் புரியாது. வரியிலா, குடியேற்றத்திலா, கருக்கலைப்பிலா? எதில் என்பதைச் சொல்லுங்கள்.

‘கோஷ்டி’ என்ற சொல்லை இந்த இடத்தில் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். நம் ஊரில் கோஷ்டி என்றால் ஒரு தலைவர், அவர் வாங்கித் தரும் சீட்டு, மேலிடத்தின் கருணை. அங்கே வேட்பாளரைத் தீர்மானிப்பது வாக்காளர்களே வாக்களிக்கும் உட்கட்சி முதனிலைத் தேர்தல். 2018இல் சபையின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் குழுத் தலைவராக இருந்த ஜோ குரோலியையே நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் அப்படித்தான் தோற்கடித்தார். கொறடா உத்தரவை மீறினால் பதவி பறிக்கும், நம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை போன்ற கட்சித் தாவல் தடைச் சட்டமும் அங்கில்லை. ஆகவே, ‘மேலிடம் நடவடிக்கை எடுக்குமா?’ என்ற நம் வழக்கமான கேள்வி அந்தச் செய்தியில் பொருந்தாது.

இந்தச் சொற்களை உங்கள் நடைக் கையேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பில் இடம் போதாவிட்டால் அடைமொழியை நீக்கிவிட்டு மாநிலத்தைப் போடுங்கள்: ‘நியூயார்க் எம்.பி.’ போதும்.

இப்படிக்கு,
அமெரிக்க அரசியலைத் தமிழில் தொடர்ந்து படிக்கும் வாசகர்கள்