ஜியோலைட் ஆய்வுக்கு ராமன் கருவியில் தொடர் நேரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரிசி ஆலைகளில் குவியும் உமிச்சாம்பலில் இருந்து, நுண்துளைகள் நிறைந்த அலுமினோசிலிகேட் படிகமான ஜியோலைட்டைத் தயாரிப்பதை மதுரை வட்டார எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பாக எடுக்கிறார்கள். நல்ல தலைப்பு. சலவைத்தூளில் கடின நீரை மென்மையாக்குவதும், மருத்துவமனை ஆக்சிஜன் இயந்திரத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைப்பதும் இந்தப் பொருள்தான். ஆனால் ஆய்வேட்டில் கடைசியாகக் கிடைத்த பொடியின் எக்ஸ்-கதிர் படம் மட்டும் இருந்தால், படிகம் எப்போது, எதிலிருந்து உருவானது என்பது தெரியாமலே போகிறது.

நடுநடுவே மாதிரி எடுத்துப் பார்ப்பதும் போதாது. வினைக்கலவையான கூழை ஆற வைத்து, வடிகட்டி, கழுவி, உலர்த்துவதற்குள் அது வேறொன்றாகிவிடும். சில நானோமீட்டர் அளவே உள்ள ஒழுங்கு எக்ஸ்-கதிர் படத்தில் தெளிவாக விழாது. எனவே கலனுக்குள், அந்தச் சூட்டிலேயே பார்க்க வேண்டும். அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடும். லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்து மூலக்கூறுகளை அடையாளம் காட்டும் ராமன் நிறமாலையில் நீரின் தொந்தரவு மிகக் குறைவு.

ஏ வகை ஜியோலைட்டுக்கு 80 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 0.72 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியில் 8.26 கிராம் சோடியம் அலுமினேட், மறுபாதியில் 15.48 கிராம் சோடியம் மெட்டாசிலிகேட் பென்டாஹைட்ரேட். இரண்டாவதை முதலாவதில் விரைவாக ஊற்றிக் கலக்கினால் கெட்டித் தயிர் போலத் திரளும். மூடி, 99 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம். இந்த மெட்டாசிலிகேட்டிலுள்ள சிலிக்கா சுமார் 4.4 கிராம். அதற்குப் பதில் நல்ல உமிச்சாம்பல் என்றால் ஏறக்குறைய 5 கிராம் பிடிக்கும், கூடவே மெட்டாசிலிகேட் தந்திருக்கக்கூடிய காரத்தையும் சேர்க்க வேண்டும். உமியை 600 டிகிரியை ஒட்டி எரிப்பது நல்லது. 800-ஐத் தாண்டினால் சிலிக்கா கிரிஸ்டோபலைட் என்னும் படிகமாக இறுகி, காரத்தில் எளிதில் கரையாது.

ராமன் நிறமாலையில், தொடக்கத்தில் 620 அலைஎண்ணில் (செ.மீ.⁻¹) அலுமினேட்டின் கோடும், 500-ஐ ஒட்டி அகன்ற மேடும் தெரியும். வெகுநேரம் மாற்றமே இல்லாதது போல இருக்கும். பிறகு அந்த மேடு ஒடுங்கி 490-இல் கூர்மையாக எழும். அது நான்கு கண்ணி வளையங்கள் (சிலிக்கான், அலுமினிய அணுக்கள் நான்கு ஆக்சிஜன் வழியே இணைந்தவை) ஒழுங்குபடுவதன் அடையாளம். அதே வேளையில் பாட்டிலிலும் தயிர் தளர்ந்து, வெண்பொடி அடியில் படிந்து, மேலே நீர் தெளியும். இன்னும் சூட்டில் விட்டுவைத்தால் சோடலைட் என்னும் வேறொரு படிகமாக மாறத் தொடங்கும்.

கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால்தான். சூடான காரம் கண்ணாடிக் கலனை அரித்துச் சிலிக்காவைக் கரைத்துவிடும். பாலிபுரோப்பிலீன் பாட்டிலே போதும். டெஃப்ளான் காரத்தைத் தாங்கும், ஆனால் 291, 385, 733-இல் அதற்கே கோடுகள் உண்டு. லேசர் நுழையும் சபையர் சன்னலுக்கு 418-இல் பலமான கோடு. வெறுங்கலனை முதலில் பதிவு செய்யாதவர், அந்தக் கோடுகளைப் படிக வளையம் என்று எழுதிவிடுவார். கலக்குவது நின்றால் பொடி லேசர் குவியத்தை விட்டு இறங்கிவிடும். சமிக்ஞை குறைவதை வினை என்று எண்ணிவிடக் கூடாது. காற்றுக்குமிழி சன்னலில் ஒட்டாதிருக்க நீரை முன்பே கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளலாம். எரியாத கரி கலந்த சாம்பல்நிறக் கரைசலை வடிகட்டி, 785 நானோமீட்டர் லேசரில் பார்த்தால் ஒளிர்வு அடங்கும். சோடியம் அலுமினேட்டுக்குப் பதில் அலுமினியத் தாளைக் காரத்தில் கரைப்பவர்கள், ஹைட்ரஜன் முழுதும் வெளியேறும் வரை மூடியைத் திருகவே கூடாது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஆய்வகத்தின் ‘அறை வெப்பநிலை’ 35 டிகிரியைத் தாண்டும். கூழை ஊற வைக்கும்போது அந்த எண்ணையும் குறித்து வைப்பது அவசியம்.

தடையாக இருப்பது கருவி ஒதுக்கும் முறை. மாதிரிக்கு அரை மணி நேரம் என்று ஒதுக்கினால் இந்த ஆய்வு நடக்காது. 10 விநாடி வீதம் 30 பதிவுகள் சேர்த்து 5 நிமிடத்துக்கு ஒரு நிறமாலை. 4 மணி நேரத்தில் 48. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. ராமன் கருவி உள்ள கல்வி நிறுவனங்கள் வாரத்தில் ஒரு நாளாவது காலை 9 முதல் மாலை 3 மணி வரை ஒரே குழுவுக்குத் தர வேண்டும். சூடேற்றும் மேடையும் ஆய்வுமுனையும் வாங்கினால் பல கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளலாம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்குள் அந்த முதல் நாளை அறிவித்தால் இந்த ஆண்டு மாணவர்களுக்கே அது பயன்படும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.