பதக்கத்தின் முதுகைக் கொஞ்சம் விட்டுவையுங்கள்

போட்டி நடத்தும் குழுவினருக்கும், அலுவலகப் பாராட்டு விழாக்களுக்கு ஏற்பாடு செய்வோருக்கும்,

வணக்கம். நீங்கள் ஆர்டர் கொடுக்கும் பதக்கங்களை வார்த்து, மெருகேற்றி, முலாம் பூசி அனுப்பும் பட்டறையிலிருந்து எழுதுகிறேன். விலை பற்றிய புலம்பல் இல்லை, பயப்பட வேண்டாம்.

உங்களிடமிருந்து வரும் டிசைன்களில் முன்பக்கம் நிரம்பி வழிகிறது. லோகோ, அதைச் சுற்றி ஸ்பான்சர்கள், கீழே ஒரு கோஷம், ஆண்டு. பின்பக்கத்தில் என்ன போடுவது என்று கேட்டால், "அது சும்மா இருக்கட்டும்" என்கிறீர்கள். இல்லையென்றால் அங்கேயும் ஒரு ஸ்பான்சர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பதக்கத்தை வாங்கப்போகிறவர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு நாள் பதக்கத்தோடு வந்தார். முன்னால் '25 ஆண்டுச் சேவை', பின்னால் கண்ணாடி மாதிரி பளபளப்பு, அதில் அவருடைய விரல் ரேகை. "என் பேரைப் போட்டுத் தர முடியுமா? நாளைக்கு இது யாருடையது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியணுமே" என்றார். லேசர் ஓடியதும் மேலிருந்த தங்க முலாம் போய், அடியிலிருந்த துத்தநாகக் கலவை சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. படிக்க முடிந்தது, அழகாக இல்லை. அவர் பணம் கொடுத்துவிட்டுத்தான் போனார். எனக்குத்தான் வாங்கக் கூச்சமாக இருந்தது. ஆர்டரின்போதே சொல்லியிருந்தால் பெயருக்கென்று ஒரு பித்தளைத் தகடு பதித்திருப்போம்.

நோபல் பதக்கத்தைப் பாருங்கள். இயற்பியல், வேதியியல் பதக்கங்களில் பின்பக்க உருவங்களுக்குக் கீழே பரிசு பெற்றவரின் பெயர் இருக்கும். அமைதிப் பரிசில் பெயர் விளிம்பில் இருக்கும். 2016 ரியோ ஒலிம்பிக் பதக்கங்களில் எந்தப் போட்டிக்கானது என்பதை விளிம்பில்தான் பொறித்தார்கள். விளிம்பு என்ற ஒரு இடம் இருப்பதே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

ஓட்டப் போட்டிக்காரர்கள் உடனே கேட்பீர்கள்: யார் ஓடி முடிப்பார், எத்தனை நிமிடத்தில் முடிப்பார் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? தெரியாதுதான். அதனால்தான் பின்பக்கத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளம் கேட்கிறேன். பதக்கத்தை வார்க்கும் அச்சை வெட்டும்போதே அதைச் சேர்த்துவிட்டால் தனி வேலை கிடையாது. போட்டி முடிந்தபின் பெயரும் நேரமும் பொறித்த சின்னத் தகடு அதில் ஒட்டிக்கொள்ளும். அச்சு முடிந்தபிறகு "ஒரு பள்ளம் போட முடியுமா?" என்று போன் செய்யாதீர்கள். அச்சை மறுபடி வெட்ட வேண்டிவரும்.

உலோகம் பற்றிய கவலையை என்னிடம் விடுங்கள். "சுத்தப் பித்தளையா, கனமாக இருக்குமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஒலிம்பிக் தங்கமே 1912-க்குப் பிறகு முழுத் தங்கம் இல்லை. இன்றைய தங்கப் பதக்கத்தில் பெரும்பகுதி வெள்ளிதான், தங்கம் குறைந்தது 6 கிராம் இருந்தால் போதும். நாம் அதிகம் வார்க்கும் துத்தநாகக் கலவை 400 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், மேடு பள்ளமெல்லாம் நன்றாக எடுக்கும். குறை ஒன்றும் இல்லை.

எழுத்தின் அளவு விஷயத்தில் மட்டும் தயவு காட்டுங்கள். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து "தெளிவாகத்தானே இருக்கிறது" என்கிறீர்கள். 'ண', 'ணை' போன்ற எழுத்துகளைக் குட்டியாகப் போட்டால் வார்ப்பில் சுழி அடைத்துக்கொள்ளும், மேலே எனாமல் என்ற வண்ணப் பூச்சை ஊற்றினால் இன்னும் மோசம். கோஷத்தை எடுத்துவிட்டால் மீதி எழுத்துகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கோஷத்தைப் படித்துவிட்டு யாரும் பதக்கத்தைப் பத்திரப்படுத்தி நான் பார்த்ததில்லை.

அப்புறம் பெயர்ப் பட்டியல். அலுவலகத்தாரே, இது உங்களுக்கு. விழாவுக்கு முதல் நாள் மாலை அனுப்பாதீர்கள். சம்பளப் பதிவேட்டில் இருப்பதை அப்படியே வெட்டி ஒட்டாமல், அவரவரிடமே எழுதிக் கேளுங்கள். ஒரு எழுத்து தவறினாலும் முலாம் பூசிய உலோகத்தில் அழிப்பான் வேலை செய்யாது. பிழையான பெயரோடு திரும்பி வந்த பதக்கங்கள் எங்கள் மேசை இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அடுத்த முறை டிசைன் பேச வரும்போது கேளுங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறையில் பெயர் பொறிப்பவன்