மாலை ஏழு மணிக்கு யாரால் வர முடியும்?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டு அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோதுதான் நிம்மதி வந்தது. அவசரப்படாதே என்று சுந்தரி சொல்லச் சொன்னாள். நர்ஸ் சொல்வதைக் கேள்.

இங்கே அமெரிக்காவில் கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இரண்டு வழி: ஆட்கள் ஓரிடத்தில் கூடி முடிவெடுக்கும் காக்கஸ், ரகசியமாக வாக்குச்சீட்டு போடும் பிரைமரி. இரண்டில் எதில் ஜனநாயகம் அதிகம் என்று கேட்டிருந்தாய். இரண்டையும் நேரில் பார்த்துவிட்டேன், விரிவாகவே எழுதுகிறேன்.

2020 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. அப்போது அயோவாவில் இருந்தோம். குடியுரிமை வாங்கியபின் எனக்கு அதுதான் முதல் காக்கஸ். ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கூடினோம். வாக்குப்பெட்டி கிடையாது. வேட்பாளருக்கு ஒரு மூலை. யாரை ஆதரிக்கிறாயோ அந்த மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் 15 சதவீதம் சேராத மூலை கலைந்தாக வேண்டும். ஆண்ட்ரூ யாங் மூலையில் நாங்கள் பத்தொன்பது பேர். முப்பத்தொரு பேர் வேண்டும். கலைந்தோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நேராக என்னிடம் வந்தார். ஏமி குளோபுச்சார் ஏன் வர வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினார். மருந்து விலையைச் சொன்னார், நான் எதிர்க்கேள்வி கேட்டபோது யோசித்துப் பதில் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவர் தேர்தல் விஷயத்தில் எனக்கு அவ்வளவு பொறுமையாகக் காரணம் சொன்னது அதற்கு முன் நடந்ததில்லை. அவர் மூலைக்கே போய்விட்டேன். அந்த மாலையை இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் சுந்தரி வரவில்லை. ஏழு மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டும். அவளுக்கு ஏழு மணிக்குத்தான் நைட் ஷிப்ட். என்னைவிட அவள்தான் எல்லா வேட்பாளர்களின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் படித்து வைத்திருந்தாள். போனில் கலந்துகொள்ள ஒரு வழி யோசித்தார்கள். யாராவது ஊடுருவிவிடுவார்கள் என்ற பயத்தில் கட்சித் தலைமை 2019-லேயே அதை நிறுத்திவிட்டது. சில இடங்களில் தனிக் கூட்டம் வைத்தார்கள், அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் வைக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற பையன், "அதோ எங்கள் முதலாளி" என்று எதிர் மூலையைக் காட்டிவிட்டுக் குல்லாவைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். ரகசிய வாக்கு எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. முடிவை அனுப்பும் செயலி அன்றிரவு சொதப்பியதை நீயே படித்திருப்பாய். அதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை, கருவியைச் சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது நாங்கள் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் கதையைக் கேள். 2016 மார்ச்சில் ஜனநாயகக் கட்சி இங்கே காக்கஸ் நடத்தியது. சுமார் 2.3 லட்சம் பேர் வந்தார்கள். பெர்னி சாண்டர்ஸுக்கு 73 சதவீதம். அதே ஆண்டு மே மாதம் தபால் வழியில் பிரைமரி. கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளை ஏற்கெனவே காக்கஸ் கணக்கில் பிரித்தாகிவிட்டது, இந்த வாக்குக்குப் பயனே இல்லை. அப்படியும் சுமார் 8 லட்சம் பேர் போட்டார்கள்; ஹிலாரி கிளிண்டன் 52 சதவீதத்தோடு முந்தினார். மே மாதத்துக்குள் சிலர் மனம் மாறியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மடங்குக்கும் மேலான கூட்டத்தை ஒதுக்கிவிட்டு எடுத்த முடிவை மாநிலத்தின் முடிவு என்று எப்படிச் சொல்வது? 2020-ல் இவர்களும் பிரைமரிக்கு மாறிவிட்டார்கள்.

பிரைமரியிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2020-ல் எலிசபெத் வாரன் மார்ச் 5 அன்று போட்டியிலிருந்து விலகினார். இங்கே வாக்குப்பதிவு முடிந்தது 10-ஆம் தேதி. அவருக்குப் போட்டு முன்கூட்டியே உறையை அனுப்பியவர்கள் என்ன செய்வார்கள்? காக்கஸ் என்றால் அடுத்த மூலைக்கு நடந்திருக்கலாம். அதே ஆண்டு அலாஸ்கா, ஹவாய், வயோமிங், கன்சாஸ் நான்கிலும் ஜனநாயகக் கட்சியினர் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்திப் போட வைத்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி வர வேண்டும் என்பது என் ஆசை.

2024 மார்ச்சில் இங்கே பிரைமரி வந்தது. சுந்தரி நைட் ஷிப்ட் முடித்து வந்து, காபியை ஆற்றிக்கொண்டே சமையலறை மேசையில் சீட்டை விரித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டாள். தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். நடந்து போய்த் தெருமுனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து படுத்துவிட்டாள்.

கவிதா கல்யாணத் தேதி முடிவானால் உடனே எழுது. லீவு போட வேண்டும்.

அன்புடன்,
சேகர்