ராஸ்பெர்ரி பை பெட்டிக்கு எந்த கவர்னர்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சாயங்காலம் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி போர்டை வைத்துச் செய்யும் பெட்டிகளை 'பெர்ஃபார்மன்ஸ்' கவர்னரிலேயே, அதாவது பிராசஸரின் வேகத்தைத் தீர்மானிக்கும் லினக்ஸ் அமைப்பை எப்போதும் உச்ச வேகத்தில் வைத்தே, அனுப்பிவிடலாமா என்கிறாய். வேண்டாம் என்பேன். வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நீ வைத்து அனுப்புவதுதான் பெட்டி பழுதாகும்வரை இருக்கும். எங்கே இருக்கும் என்பதையும் யோசி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள், வெயில் விழும் சுவரில், கையில் கிடைத்த போன் சார்ஜரில்!

பெர்ஃபார்மன்ஸ் என்றால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1.5 கிகாஹெர்ட்ஸ் (புதிய போர்டுகளில் 1.8). சும்மா இருக்கும்போது பிராசஸரின் கோர்கள் தூங்கிவிடும், அதனால் மின்சாரம் ஒரேயடியாக வீணாகாது என்பது உண்மைதான். ஆனால் வோல்டேஜ் இறங்காமல் நிற்கும், சூடும் அதற்கேற்ப இருக்கும். 80 டிகிரியை எட்டியதும் ஃபர்ம்வேர் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) தானாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். சப்ளை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் அதே கதிதான். நீ கொடுக்க நினைத்த வேகம் அந்த டப்பாவுக்குள் கிடைக்கவே கிடைக்காது.

'பவர்சேவ்' பக்கமும் போகாதே. அது 600 மெகாஹெர்ட்ஸிலேயே கட்டிப்போட்டுவிடும். 1.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு நொடியில் முடியும் கணக்கு இரண்டரை நொடி இழுக்கும். அவ்வளவு நேரமும் மெமரியும் ஈதர்நெட்டும் விழித்திருந்து மின்சாரம் தின்னும். மின்சாரம் மிச்சமாகிறதா என்பதை மீட்டர் வைத்து அளக்காமல் நம்பக்கூடாது.

ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். தானாகவே வைப்பது 'ஆன்டிமாண்ட்'; வேலை கூடினால் வேகத்தை ஏற்றும், குறைந்தால் இறக்கும். நல்ல தேர்வுதான். ஆனால் அது இடைவெளி விட்டுத்தான் லோடு, அதாவது வேலைப்பளு, பார்க்கும். சென்சாரைச் சட்டென்று படித்துவிட்டு ஓயும் வேலைகள் அதன் கண்ணில் படாமல் போகலாம். 2016-இல் லினக்ஸ் 4.7-உடன் வந்த 'ஷெட்யூட்டில்' கவர்னர், எந்த வேலை எப்போது ஓடவேண்டும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் வைத்திருக்கும் கணக்கையே எடுத்துக்கொள்வதால் லோடு வந்த கையோடு வேகம் ஏறும். என் ஓட்டு அதற்குத்தான். மோட்டார், ஆடியோ மாதிரி தாமதம் தாங்காத வேலை ஏதாவது இருந்தால், அந்த சர்வீஸ் ஓடும் நேரம் மட்டும் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிவிட்டு, நிற்கும்போது திருப்பி வைத்துவிடு.

அனுப்பும் முன் ஒரு பெட்டியை மூடி, மட்டமான சார்ஜரில் மாட்டி, நாலு கோரையும் மதியம் முழுக்க ஓடவிடு. பிறகு, வேகம் வெட்டப்பட்டதா என்று சொல்லும் 'விசி-ஜென்-கமாண்ட் கெட் த்ராட்டில்டு' (vcgencmd get_throttled) என்ற கட்டளையைக் கொடுத்துக் கேள். 0 வந்தால் நிம்மதி. 50000 வந்தால், நடுவில் எப்போதோ வோல்டேஜ் இறங்கி வேகமும் வெட்டப்பட்டிருக்கிறது. அதை எந்த கவர்னராலும் சரிசெய்ய முடியாது; 3 ஆம்பியர் அடாப்டரும் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஒரு ஹீட் சிங்க்கும் சேர்த்தே விற்றுவிடு. விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

என்ன வந்தது என்று எழுது. பொங்கலுக்கு வரும்போது ஒரு பெட்டியைக் கையோடு எடுத்து வா, திறந்து வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்