எண்ணூர் முகத்துவாரமும் உன் டிரைபாடும்

டேய் மச்சி,

இன்னாடா எப்டி கீற? திருப்பூர் போனதுல இருந்து ஒரு போன் கூட கிடையாது, சரி நானே எழுதுறேன். இங்க எல்லாம் ஓகே, அம்மாவுக்கு முட்டி வலி அப்டியேதான் கீது, உன்ன விசாரிச்சுது.

நீ விட்டுட்டு போன டிரைபாட் இப்பதான் உருப்படியா யூஸ் ஆவுது. ஞாயித்துக்கெழம விடியகாலைல எண்ணூர் முகத்துவாரம் போனேன், அங்க சூரியன் கடல்லருந்து நேரா மூஞ்சிக்கு எதிர்ல வரும்ல, வானத்துக்கு எக்ஸ்போஷர் (கேமராக்குள்ள விடுற வெளிச்சம்) வெச்சா படகெல்லாம் கரிக்கட்டை, படகுக்கு வெச்சா வானம் வெள்ள பேப்பர். அதான் எச்டிஆர் (வேற வேற வெளிச்சத்துல எடுத்த படத்த ஒண்ணா சேக்குறது) பண்லாம்னு ரா-ல, அதான் கேமரா அமுக்காம அப்டியே குடுக்குற ஃபைல்ல, மூணு எடுத்தேன், ஷட்டர் நார்மலா 1/60 செகண்ட், ரெண்டு ஸ்டாப் கம்மியா 1/250, ரெண்டு ஸ்டாப் ஜாஸ்தியா 1/15. ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் டபுள் ஆவுதுல்ல, அப்போ இந்த கடைசிக்கும் அந்த கடைசிக்கும் 16 மடங்கு வித்தியாசம். ஷட்டர் மட்டும்தான் மாத்தணும், அப்பர்ச்சர் (லென்ஸ் ஓட்டை) எஃப் 8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சிடிவிட்டி) 100 ரெண்டுத்தையும் தொடவே இல்ல, அப்பர்ச்சர் மாறுனா ஷார்ப்பா இருக்குற எடம் மாறிடும், அப்றம் மூணும் ஒண்ணுமேல ஒண்ணு உக்காராது.

வீட்டுக்கு வந்து லூமினன்ஸ் எச்டிஆர்ல போட்டேன், ஃப்ரீ சாஃப்ட்வேர்தான். அது மூணையும் சேத்து, ரொம்ப நெறைய வெளிச்ச படி புடிக்கிற 32 பிட் ஃபைலா ஆக்கும், ஆனா நம்ம மானிட்டருக்கு ஒரு கலருக்கு 256 படிதான், அவ்ளோ வெளிச்சத்த அதுக்குள்ள அமுக்கி அடைக்கிறதுதான் டோன் மேப்பிங். நான் இன்னா பண்ணேன், ஃபட்டால்னு ஒரு மெத்தட் கீது, டீட்டெயில சும்மா பிச்சி எடுக்கும், அத எடுத்து ஸ்லைடர ஏத்து ஏத்துன்னு ஏத்திட்டேன். அனல்மின் நிலைய சிம்னிய சுத்தி சாமி படத்துல வர்ற மாதிரி ஒளிவட்டம்! ஒரு படகு ஆடிக்கினே இருந்துச்சா, அதுக்கு மூணு மூக்கு. அத பேய்னு சொல்றாங்க, கோஸ்டிங்.

இருந்தாலும் எனக்கு புடிச்சிருந்துச்சுடா. அடுத்த வாரம் அங்க எறா புடிக்கிற அண்ணன் கிட்ட மொபைல்ல காட்டுனேன், ரொம்ப நேரம் பாத்துட்டு, "இன்னா தம்பி, எங்க ஊர்ல சாம்பல காணோம்"னுட்டாரு. பாத்தா கரையில படிஞ்ச சாம்பல் சேறு என் படத்துல வெள்ளி ஜரிக மாதிரி மின்னுது.

ராத்திரி திரும்ப உக்காந்தேன். ரைன்ஹார்ட் மெத்தட், அது 2002ல வந்தது, பழைய டார்க்ரூம் ஆளுங்க பிரிண்ட் போடும்போது டாட்ஜ் பர்ன் (ஒரு எடத்த வெளுப்பாக்கி, ஒரு எடத்த கருப்பாக்கி) பண்ற கணக்குல வேல செய்யும். கலர கொறச்சேன், படகுக்கு மட்டும் 1/60 படத்துல இருந்தே எடுத்து, மத்த எடத்த மறைச்சி மாஸ்க் போட்டேன். வானம் சுமாராதான் வந்துச்சு, ஆனா சாம்பல் சாம்பலா கீது. 1850கள்லயே லெ கிரேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு எடுத்து ஒட்டிக்கினு இருந்தாரு, அந்த ஆளுக்கு ஸ்லைடர் இல்ல, தப்பிச்சாரு.

அண்ணனுக்கு ஒரு பிரிண்ட் போடணும். ஆமா, டிரைபாட்ல கேமராவ மாட்டுற அந்த சின்ன பிளேட் உன் பேக்லயா கீது? நான் ரப்பர் பேண்ட் போட்டு கேமராவ கட்டிக்கினு இருக்கேன், கடக்காத்துல கைய வேற வெச்சி அமுக்கிக்கினே நிக்கணும். பொங்கலுக்கு வரும்போது மறக்காம எடுத்துனு வா.

உன் மச்சான்