பத்து ரூபாய்க்கு வந்த வம்பு

அன்புள்ள சுப்பு,

மார்கழியில் வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன், திட்டாதே. முட்டி ஆபரேஷன் ஆச்சு, நடக்கிறேன். 

விஷயம் என்னவென்றால், அம்மாவின் டிரங்குப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தேன். அடியில் மஞ்சள் துணி முடிச்சு, அவிழ்த்தால் பொலபொலவென்று உதிர்கிறது, கரையான். எல்லாம் பத்து ரூபாய் நோட்டு, 61. பொங்கலுக்குப் பொங்கல் பேங்க் கவுன்டரிலிருந்து புதுக்கட்டு பிரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேனே, அதேதான். அரித்தது போக மிச்சத்தில் வரிசை எண்கூட அப்படியே தெரிகிறது. ஒன்றைக்கூடச் செலவு செய்யவில்லைடா அவள்.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பழைய கேஷியர் புத்தி வந்துவிட்டது. பேப்பரை விரித்து, நல்ல நோட்டு ஒன்றின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். இருபது ரூபாய் வரைக்கும் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுப்பணம், இல்லாவிட்டால் நாமம்தான், உனக்குத் தெரியாததா. 38 தேறியது. பேங்கில் கவுன்டர் பையன் "இதெல்லாம் ரிசர்வ் பேங்க்ல போய் மாத்துங்க சார்" என்றான். எந்தக் கிளையாக இருந்தாலும் மாற்றித் தரணும் தம்பி என்று ஆரம்பித்ததும் மேனேஜரே எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். 380 ரூபாயையும் பத்து ரூபாய்க் காசாகக் கொடுத்தார்கள், பழிவாங்கலோ என்னவோ.

அதைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் நீட்டினால், "இது இங்கே ஓடாது சார்." 14 டிசைனும் செல்லும் என்று 2018லேயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு, தொண்டை கிழியக் கத்தினேன். பெட்டியில் போடவே மாட்டேன் என்கிறார்.

நீ வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாயே, நோட்டு அச்சடிக்க 2024-25ல் மட்டும் 6,372 கோடி, தண்டச்செலவு, எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடலாம் என்று. தொகை சரிதான், முந்தின வருஷம் 5,101 கோடி. ஆனால் அதே வருஷம் ரிசர்வ் வங்கி அரசாங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்த உபரி 2.69 லட்சம் கோடி, அதையும் சேர்த்துச் சொல். நம் பையில் இருக்கும் நோட்டு அவர்களுக்கு வட்டியில்லாக் கடன். அச்சுக்கூலி அதில் தூசு. பணமதிப்பிழப்பில் நாம் செத்துப் பிழைத்த 2016-17 வேறு கதை: அச்சுச் செலவு 7,965 கோடிக்கு ஏறியது, உபரி 65,876 கோடியிலிருந்து 30,659க்கு விழுந்தது.

தண்டம் எங்கே என்றால் இந்தச் சின்ன நோட்டில்தான். 2021-22 கணக்குப்படி ஆயிரம் பத்து ரூபாய் நோட்டு அடிக்க 960 ரூபாய், ஆயிரம் ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு 2,290. மதிப்பில் பார்த்தால் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட பத்து சதம், இன்னொன்றுக்கு அரை சதம்கூட இல்லை. அதிகம் கைமாறி சீக்கிரம் கிழிவதும் பத்துதான். கிழிந்ததை நாம் கட்டுக்கட்டாக எண்ணி செஸ்ட்டுக்கு, அதாவது ரிசர்வ் வங்கிக்காக பேங்கில் வைத்திருக்கும் பணக் கிடங்குக்கு, அனுப்ப, துப்பாக்கிக்காரரோடு வேன் ஏறி ரிசர்வ் வங்கி போய், இயந்திரம் தூளாக்கி, அழுத்திக் கட்டியாக்கி, பதிலுக்கு உன் மைசூரிலோ சல்போனியிலோ நாசிக்கிலோ தேவாஸிலோ இருக்கும் அச்சகத்தில் மறுபடி நோட்டுக்கு 96 பைசா. இதில் உன் விரலும் என் விரலும் ஸ்பாஞ்சில் ஊறிய கூலி எந்தக் கணக்கிலும் இல்லை. தேயாத காசை அடித்துக் கொடுத்தால் நம் ஆள் ஓடாது என்கிறான். 2014ல் பிளாஸ்டிக் பத்து ரூபாயை ஐந்து ஊர்களில் விட்டுப் பார்க்கப் போகிறோம் என்றார்களே, கொச்சி, சிம்லா என்று, உன் மைசூரும் அதில் உண்டு. வந்தபாடில்லை.

நீ ஸ்டேப்ளர் பின் அடித்த கட்டுகளைப் பிரித்தே என் நகம் போச்சு, அந்தக் கணக்கு தனி.

38 காசும் மேஜைமேல்தான் இருக்கிறது. பேத்தி அடுக்கி அடுக்கித் தள்ளிவிடுகிறாள். மைசூரில் கடைக்காரர்கள் இதை வாங்குகிறார்களா? வாங்கினால் ஆவணியில் வரும்போது கொண்டு வருகிறேன், காபிக்கு நான் கொடுக்கிறேன்.

உன்
கணேசன்